சங்கிலி சாரின் கண்ணாடிப் பெட்டி

"நேத்து சாயங்காலம் முழங்கை உயரம் இருந்துச்சு மேடம். இப்பப் பாருங்க, மொட்டை."

தலைமையாசிரியை கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மண், கீரைச்செடிகள், நாலு வெட்டுக்கிளிகள். கொழுந்தை மட்டும் காணோம். பெட்டியின் மேல் அறிவியல் வாத்தியார் கைப்பட எழுதிய சீட்டு: 'மனிதக் கை படாத சூழல்.'

"மூணு வாரத்துல ஆய்வாளர் வர்றார். உங்க வேலையை நிரந்தரம் பண்ணலாமா வேணாமான்னு இந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் எழுதப் போறாராம். மொட்டைச் செடியைக் காட்டுவீங்களா?"

வாத்தியார் ஏழு வருடமாகத் தற்காலிகம். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் உணவுச் சங்கிலியில் கொண்டுபோய் முடிப்பார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் சங்கிலி சார்.

"வெட்டுக்கிளி கூடிப்போச்சு மேடம். தவளை விட்டாச் சரியாயிடும்."

இரண்டு தவளைகள் வந்தன. மறுநாளே வெட்டுக்கிளிகள் காலி. இலையும் காலி.

மதியம் பள்ளி ஆயா வழக்கம்போல் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார். தனிக்கட்டையான சாருக்கு அதுதான் ஆறுதல். பருப்பையும் முட்டையையும் முடித்து, கீரையை விரலால் வழித்துக்கொண்டே புலம்பினார்.

"கண்ணுக்குத் தெரியாம ஏதோ புழு இருக்கு ஆயா. ராப்பகலா தின்னுது."

"நீங்க கவலைப்படாம சாப்பிடுங்க சார்."

சார் மேலும் மேலும் விட்டதில் தவளைகள் ஒன்பதாயின. இலை துளிர்க்கத் துளிர்க்கக் காணாமல் போனது. சார் தினமும் இலைகளை எண்ணிச் சுவரில் ஒட்டிய சார்ட்டில் கோடு போட்டார். கோடு மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கியது. தவளைகளுக்கோ பசி; பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்பதும் சேர்ந்து பதில் சொல்லின.

"அதுங்க வாயை அடைங்க. இல்லேன்னா உங்க ஃபைலை நான் அடைச்சுடுவேன்."

சங்கிலி சார் பாம்பு பிடிக்கிறவரைத் தேடிப் போனார். தண்ணிப் பாம்பு ஒன்று பையிலிருந்து வெளியே வந்தது.

"கடிக்குமா?"

"கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது சார்."

"யாருக்கு?"

"பாம்புக்கு."

பாம்பு பெட்டிக்குள் இறங்கியது. தினமும் கண்ணாடி துடைக்கும் ஆயா, துணியை அறை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளில் தவளைச் சத்தம் பாதியானது. நாலாம் நாள் துளிர். பத்தாம் நாள் செடி முழங்கையைத் தாண்டியது. சார்ட்டில் கோடு செங்குத்தாக ஏறியது.

சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரே ஒரு குறை.

"என்ன ஆயா, பாம்பு வந்ததுலேர்ந்து பருப்பும் முட்டையும்தானா? கீரையைக் கண்ணுலயே காட்டலையே?"

"வரத்து இல்ல சார்."

ஆய்வாளர் வந்தார். பெட்டியை ஒரு சுற்று, சார்ட்டை இரண்டு சுற்று பார்த்தார். கறாரான ஆசாமி.

"பாம்பு தவளையைத் தின்னுது. சரி. தவளை குறைஞ்சா பூச்சி கூடணும். பூச்சி கூடினா இலை குறையணும். உங்க சார்ட்டுல இலை ஏறுதே?"

சங்கிலி சார் சார்ட்டில் ஏறும் கோட்டைத் தோளால் மறைத்தார்.

"அது தவிர, பூச்சியே இல்லாத பெட்டியில முன்னாடி இலையைத் தின்னது எது? விளக்கம் சொன்னா இங்கேயே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா பேனாவை மூடி வெச்சுக்கறேன்." பேனா மூடி திறந்தே இருந்தது.

சார் கண்ணை மூடிச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"சார், இந்தச் சங்கிலியில நாம எண்ணாத நுகர்வோர் ஒண்ணு இருக்கு. இலையை மட்டும் தின்னும். கொழுந்தாப் பார்த்துத் தின்னும். பாம்புன்னா பயம். அதனால பாம்பு வந்ததும் ஓடிப்போச்சு."

"பிரமாதம்," என்ற ஆய்வாளர் பேனாவைத் தாளில் வைத்தார். "என்ன பிராணி அது?"

தேநீர்த் தட்டோடு வாசலிலேயே நின்ற ஆயா சொன்னார்: "பறிச்சது நான், தின்னது நம்ம சார், அந்தப் பாம்பை மட்டும் தூக்கிடுங்கய்யா, நாளைக்கே சார் டப்பாவுல கீரை வந்துரும்."