பிளாஸ்டிக் நோயாளி வீடு திரும்பிய கதை

நாலு படித்த பிள்ளைகளை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. இது எனக்கு உறைத்தபோது, ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

அங்கே நான் மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுவது என் வேலை. (ஊரில் நான் 'எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணு'. விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன்.) என்னிடம் நான்கு பயிற்சியாளர்கள். வாரம் ஓர் ஆய்வுக்கட்டுரையைச் சேர்ந்து படித்து அலச, ஜர்னல் கிளப் வேண்டுமென்று பெரிய டாக்டரிடம் நடையாய் நடந்தேன்.

"முதல் கூட்டத்துக்கு நானே வர்றேன். உருப்படியா இருந்தா வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் தர்றேன்" என்றார். அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்குப் படிக்கவே நேரமில்லை, மெஷினே கதி.

நான் தங்கச்சிமடத்துக்காரி. படகு கரைக்கு வந்ததும் மீனைப் பங்கு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கட்டுரையையும் அப்படியே நாலு பங்கு வைத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். கூட்டு முயற்சியாம்! என்ன மூளை பாருங்கள்.

அவரவர் பங்கை மட்டும் அவரவர் படித்தார்கள். சோதனை நடந்தது ஃபேன்டத்தில், அதாவது மனித உருவில் செய்த பிளாஸ்டிக் பொம்மையில். அந்த விவரம் ஆஷிக்கின் பங்கில் இருந்தது. அவன் பேச எழுந்த நேரம், மெஷின் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட, ஓடிவிட்டான். அடுத்து முடிவுகளைச் சொல்ல பாம்பன் செல்வின் எழுந்தான்.

"நோயாளி நல்லா ஒத்துழைச்சிருக்காரு சார். கொஞ்சங்கூட அசையலை."

பெரிய டாக்டர் உருகிப்போனார். "வெரி குட். இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு சார். வீட்டுக்குப் போயிட்டாரு."

அவ்வளவுதான். நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. "ஏலே, அது பிளாஸ்டிக் பொம்மைலே! எந்த வீட்டுக்குலே போச்சு?"

டாக்டரின் முகம் சுருங்கியது. ஒரு வாரம் முன்பே அவர் மேஜையில் முழுக் கட்டுரையையும் வைத்திருந்தேன். மனிதர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை! "டிசிப்ளின் இல்லாத இடத்துல கிளப் எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டார். படிக்காமல் வந்தவர் அவர், டிசிப்ளின் இல்லாதவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை போயே போய்விட்டது. இப்போது சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவோடு கூடுகிறோம். எல்லாரும் எல்லாப் பக்கத்தையும் படித்தாக வேண்டும். செல்வினிடம் வாசலிலேயே கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.

அன்றைக்கு ஆத்திரத்தில் வீட்டில் இதைச் சொல்லித் தொலைத்ததுதான் பெரிய தப்பு. அய்யா புரையேறும்வரை சிரித்தார். போன மாதம் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். சித்தி போனில் விசாரிக்க, அய்யா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நல்லா ஒத்துழைக்கிறா. கொஞ்சங்கூட அசையலை."

காய்ச்சலோடு எழுந்துபோய் போனைப் பிடுங்கினேன்.