தொண்ணூற்றேழு புள்ளி எட்டு சதவீதக் கவனம்

அறிவு நூலகத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் மாநாட்டுக்குப் போனதில்லை. மனித குலத்தின் அறிவு முழுவதும் குளிரூட்டப்பட்ட அரங்குகளில், காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்களால்தான் உற்பத்தியாகிறது. அந்த மகத்தான உற்பத்தியில் கணினித்துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய பங்கைப் பதிவு செய்யாமல் விட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது.

மாணவர்கள் அவரை 'சதவீதம் சார்' என்று அழைத்தார்கள். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சதவீதம்?" என்பதுதான். துறை எழுத்தர் தனக்குப் பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டியபோதும், "அப்பா சாயல் எத்தனை சதவீதம்?" என்று அக்கறையோடு விசாரித்தார். அவர் எண்களால் உலகைப் பார்த்தவர். எண் இல்லாத இடத்தில் அவருக்குக் கண் தெரியாது.

வீட்டிலும் அவர் காலத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். வீட்டிலிருந்த சுவிட்சுகளையெல்லாம் பெயர்த்தெடுத்து, அந்த ஓட்டைகளைச் சிமெண்டு பூசி மூடிவிட்டார். இனி விளக்கோ விசிறியோ, சுவரில் பொருத்திய கருவியிடம் வாயால் சொன்னால் போதும். சொல்கிற வாய் அவருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மனைவியின் குரலையும் கருவிக்குப் 'பழக்கிவிடுவதாக' அவர் பல மாதங்களாக உறுதியளித்து வந்தார். அதுவரை அந்த அம்மாள், சமையலறையில் வெளிச்சம் வேண்டுமென்றால் கணவருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, கைப்பேசியைச் சுவரருகே தூக்கிப் பிடிப்பார். தொழில்நுட்பம் தம்பதியரை நெருக்கமாக்குகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இணைப் பேராசிரியர்கள் ஆகிவிட்டார்கள். இன்னும் அதே நிலையில் இருந்தது அவரும் மூலையிலிருந்த பழைய அச்சுப்பொறியும்தான். அச்சுப்பொறிக்காவது விடுதலை தர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவருடைய பதவி உயர்வுக்கு இன்னும் ஒரே ஒரு மாநாட்டுக் கட்டுரை குறைந்தது. இந்த ஆண்டு விட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் திட்ட அறிக்கையோடு அவர் அறைக்கு வந்தாள். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் யோசிக்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. அதனால் வகுப்பில் அவளுக்கு 'நிதானம்' என்று பெயர். அவள் செய்திருந்த கருவியின் பெயர் 'கவனமானி'. கரும்பலகைக்கு மேலே ஒரு கேமரா. அது மாணவர்களின் முகங்களைப் பார்த்து, கவனிக்கிறவர் தலைமேல் பச்சைப் புள்ளியும் கவனிக்காதவர் தலைமேல் சிவப்புப் புள்ளியும் திரையில் வைக்கும். பிறகு மொத்த வகுப்பும் எவ்வளவு கவனிக்கிறது என்று ஓர் எண் சொல்லும். தலைப்பைக் கொடுத்தவர் அவர். மற்றதையெல்லாம் அவள் செய்தாள்.

"எத்தனை சதவீதம் சரியாச் சொல்லுது?" என்றார்.

"ஐம்பத்தெட்டு சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நோயாளியின் உறவினரிடம் பேசப்போகும் டாக்டரின் முகம் அவருக்கு வந்திருந்தது.

"வீட்ல சொல்லிட்டியாம்மா?"

"எதை சார்?"

"இந்த ஐம்பத்தெட்ட."

அவள் யோசித்தாள். பிறகு காரணத்தை விளக்கினாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் ஒருவன் அவள் வகுப்பில் இருக்கிறானாம். கவனமானி அவனுக்கு எப்போதும் பச்சைப் புள்ளி வைக்கிறதாம். குனிந்து குறிப்பு எழுதுகிறவளுக்கு, தலை கவிழ்ந்திருப்பதால், சிவப்பு. கருவி அளப்பது கவனத்தையே இல்லை, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான். இதையெல்லாம் விவரமாக ஓர் அத்தியாயமாகவே அவள் எழுதி வைத்திருந்தாள்.

விரிவுரையாளர் பொறுமையாகக் கேட்டார். இந்த அறையிலிருந்து தொண்ணூற்றைந்துக்குக் கீழே எந்தத் திட்டமும் இதுவரை வெளியே போனதில்லை என்பதை எடுத்துச் சொன்னார். பிறகு, துறையில் வழிவழியாகக் காப்பாற்றப்பட்டு வரும் முறையை அவளுக்கு உபதேசித்தார். கருவிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எந்தப் படங்களைக் காட்டினாளோ, சோதிக்கும்போதும் அதே படங்களைக் காட்ட வேண்டும். எண் தானாக ஏறும்.

"பதிலைச் சொல்லிக்கொடுத்துட்டு அதே கேள்வியக் கேட்டா எல்லாமே சரியாத்தான் சார் வரும்."

"பின்ன? வருஷா வருஷம் உங்களுக்குத் தேர்வு அப்படித்தானே வைக்கிறோம்? யாராவது குறை சொன்னாங்களா?"

அவள் இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே யோசித்தாள். "இங்க யாரும் சொல்லல சார். வேலைக்குப் போன எடத்துலதான் சொல்றாங்களாம்."

இளமைக்கே உரிய இந்தப் பிடிவாதத்தை அவர் பெரிதுபடுத்தவில்லை. அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார், திருத்தித் தருவதாக. சொன்னபடியே அந்த வாரமே உட்கார்ந்து திருத்தினார். பழுத்த அனுபவசாலியின் திருத்தம் எப்போதுமே சிக்கனமானது. ஐம்பத்தெட்டு இருந்த இடத்தில் தொண்ணூற்றேழு புள்ளி எட்டு என்று போட்டார். அந்த வேண்டாத அத்தியாயத்தை 'இடவசதி கருதி' நீக்கினார். முதல் பக்கத்தில் அவள் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டார். இரண்டு பெயர் இருந்தால் பதவி உயர்வுக்கான புள்ளி பாதியாகிவிடும் என்பது விதி. விதியை மீறுகிறவர் அல்ல அவர். திருத்தியதை அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மாநாட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மாநாடு சிறப்பாக நடந்தது. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. பேச வந்தவர்கள் மட்டும்தான் கேட்கவும் வந்திருப்பார்கள். அவரவர் பேச்சு முடிந்ததும், அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல், எழுந்து போய்விடுவார்கள். நம்மவரின் முறை வந்தபோது அரங்கில் நான்கு பேர் இருந்தார்கள். அமர்வுத் தலைவர், அடுத்துப் பேச வேண்டியவர், ஒலிபெருக்கி பார்ப்பவர், கைப்பேசிக்கு மின்னேற்ற இடம் தேடி உள்ளே வந்த ஒருவர்.

அவர் பேச வாயைத் திறக்கும் நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. எடுக்காமல் விட்டால் மறுபடி மறுபடி வரும் என்பது தெரிந்து எடுத்தார். குளியலறையில் அத்தை இருக்கிறார், உள்ளே ஒரே இருட்டு, கொஞ்சம் சொல்லிவிடுங்கள் என்று தகவல். மைக் வாயருகிலேயே இருந்ததை மறந்து, அவர் கம்பீரமாகச் சொன்னார்:

"வெளிச்சம் வரட்டும்."

அமர்வுத் தலைவர் கண்விழித்துக் கைதட்டினார். இவ்வளவு கவித்துவமான தொடக்கத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று பிறகு பாராட்டியும் பேசினார்.

அடுத்துச் செய்முறை விளக்கம். கவனமானியை அரங்கத்தின் பக்கம் திருப்பினார். மின்னேற்ற வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அடுத்துப் பேச வேண்டியவர் தன் உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி பார்ப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். திரையில் 97.8 என்று மின்னியது. நேரலையில் இயந்திரங்கள் காலை வாரிவிடக்கூடும் என்பதால், முன்னெச்சரிக்கையாக அந்த எண்ணை ஒரு படமாகவே ஒட்டி எடுத்து வந்திருந்தார். தான் தலைமை தாங்கிய அமர்வை உலகம் இவ்வளவு கவனமாகக் கேட்டது என்று அறிந்த அமர்வுத் தலைவர் நெகிழ்ந்துபோய், அதையே சிறந்த கட்டுரையாக அறிவித்தார்.

கட்டுரை அச்சேறியது. இணைப் பேராசிரியர் பதவிக்கான உத்தரவு தயாரானது. துறைத் தலைவியின் கையெழுத்து மட்டும் பாக்கி. வீட்டில் மனைவி, பதவி உயர்வு வந்தால் ஒரே ஒரு சுவிட்சாவது திரும்ப வைத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். பரிசீலிப்பதாக அவரும் வாக்களித்திருந்தார்.

அந்த வாரத்தில் நிதானம் தன் அறிக்கையைத் துறையில் சமர்ப்பித்தாள். சமர்ப்பிக்கப்படும் ஒவ்வோர் அறிக்கையும் காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குள் போய் வர வேண்டும். அது உலகத்தில் அச்சான எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்து, எது யாருடையது என்று சொல்லும். மென்பொருள் திடுக்கிட்டு எழுந்தது. மாணவியின் அறிக்கை, அச்சான ஒரு கட்டுரையோடு, அநேகமாக வரிக்கு வரி ஒத்துப்போகிறது. கட்டுரையை எழுதியவர், அவளுடைய சொந்த வழிகாட்டி.

செய்தியைக் கேட்டதும் விரிவுரையாளர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இரவுபகல் பாராமல் உழைத்துத் திருத்திய கட்டுரை. அதைத் தன் மாணவியே திருடுவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அந்த வேதனை உண்மையானது. யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

விசாரணைக் குழு கூடியது. துறைத் தலைவி, தேர்வுப் பொறுப்பாளர், துறை சார்ந்த நிபுணர் என்ற முறையில் விரிவுரையாளர். எதிரே நிதானம். குற்றம் உறுதியானால் அவளுக்குப் பட்டம் இல்லை, ஆண்டு முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். உறுதியாகாவிட்டால், அவருடைய உத்தரவு கையெழுத்தாகாது. இதைக் குழுவில் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அறிக்கையை எழுதியது தான்தான் என்றாள் அவள். தேதி போட்ட மின்னஞ்சல் இருக்கிறது என்றாள். மின்னஞ்சல் எல்லாம் குழுவின் 'வரம்புக்கு' வெளியே என்று தேர்வுப் பொறுப்பாளர் விளக்கினார். பிறகு, அவர் கூர்மையான மனிதர், பக்கங்களைப் புரட்டிக்கொண்டே ஓர் இடத்தில் நின்றார்.

"கருவி ஏன் வேலை செய்யலைன்னு ஒரு அத்தியாயம் இருக்கு. இது மட்டும் எங்கேயுமே ஒத்துப்போகலியே. அப்ப இத எங்கேர்ந்து எடுத்த?"

"நானே எழுதினேன் சார்."

அவர் ஓரத்தில் 'ஆதாரம் இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

நிதானம் அவர் குறித்ததைப் படித்தாள். பிறகு துறைத் தலைவியைப் பார்த்து, சாருடைய கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு பத்தி இருக்கிறது, அதை மட்டும் சத்தமாகப் படிக்க முடியுமா என்று கேட்டாள்.

துறைத் தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நான் படிப்பதற்காகத் தன் அறையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வருஷம் முழுக்க வரவேற்பறையில் நாற்காலிகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்துக்கொண்ட என் அக்காவுக்கு."

விரிவுரையாளரின் கைக்கடிகாரம், உங்கள் இதயத் துடிப்பு அதிகமாகிவிட்டது, சற்று எழுந்து நடக்கவும் என்று மெல்ல ஒலித்தது. அவர் நடக்கவில்லை.

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார் துறைத் தலைவி.

அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அது துறைக்கே தெரியும். ஆனாலும் மகான்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் வார்த்தை வரும்.

"பெத்தவங்களுக்கு நான் ஒரே பிள்ளைதான் மேடம்," என்றார் தழுதழுத்த குரலில். "ஆனா என் மாணவங்களை நான் என்னைக்கும் வேத்தாளா நெனச்சதில்ல. இந்தப் பொண்ணோட அக்கா எனக்கும் அக்காதான்."

தேர்வுப் பொறுப்பாளர் மூக்கை உறிஞ்சினார்.

"எங்கக்கா உங்களவிட இருபது வயசு சின்னவங்க சார்," என்றாள் நிதானம்.

"பாசத்துல வயசு பார்க்கலாமாம்மா?"

இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? கட்டுரையிலும் அறிக்கையிலும் ஒரே அக்கா வருவதற்கு நியாயமான விளக்கம் கிடைத்துவிட்டதாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. உத்தரவில் அன்றைக்கே கையெழுத்தானது.

அந்தப் பெருந்தகையின் பெருந்தன்மையைச் சொல்லி முடிக்கத்தான் வேண்டும். அந்தப் பெண்ணின் கருவியைத் தன் கருவியாக ஏற்றார். அவள் எழுத்தைத் தன் எழுத்தாக ஏற்றார். அவள் அக்காவையே தன் அக்காவாக ஏற்றார். தீர்ப்பின் கடைசி வரியில் 'திருட்டு' என்ற சொல் வந்தபோது மட்டும், அதில் ஒரு துளிகூடப் பங்கு கேட்காமல், முழுவதையும் அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.