அழாத கேக்

வால்நட் யோசிக்கும் என்று எங்கள் ஊருக்கு முதலில் சொன்னவர் வால்நட் குருதான். உடைத்துப் பார்த்தால் மூளை மாதிரியே இருக்கிறதாம். ஆகவே யோசிக்குமாம். கூட்டத்துக்கு எவ்வளவு நிம்மதி! வால்நட்டே யோசிக்கும்போது நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?

சனிக்கிழமை தோறும் நூலகத்துக்குப் பின்னால் இருந்த அரங்கில் அருள்காட்சி. காலை எட்டு மணிக்கே வரிசை சாலையைத் தொட்டுவிடும். எல்லோர் கையிலும் டப்பா. டப்பாவுக்குள் ஓட்ஸ் பிஸ்கட், கேரட் கேக், கோதுமை ரொட்டி. பாலும் முட்டையும் இல்லாத வீகன் தின்பண்டம்தான் உடம்புக்கு நல்லது என்று ஊரே மாறியிருந்த நேரம் அது. வாங்கியது உண்மையிலேயே வீகன்தானா என்று கண்டுபிடிக்க வேண்டாமா? அதற்குத்தான் குரு.

சிவப்பு நூலில் கட்டிய வால்நட்டை டப்பாவுக்கு மேல் பிடிப்பார். அது வட்டமாகச் சுற்றினால் தூய்மை. இப்படியும் அப்படியும் ஆடினால் உள்ளே ஓர் உயிர் அழுகிறது என்று பொருள். சில நாள் மாடு அழும். சில நாள் கோழி. ஒருமுறை வாழைப்பழ கேக்கில் மீன் அழுதது. அதில் மீன் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அழுகையை நிறுத்தவும் வழி வைத்திருந்தார். சாந்திப் பொட்டலம். வாங்கிக் கேக்கின் மேல் தூவினால் உள்ளே இருப்பது சமாதானமாகிவிடும். பொட்டலத்தில் இருந்தது கோதுமைத் தவிடு. தாராளமாகக் காணிக்கை கொடுத்த கடைகளுக்கு மட்டும் பச்சை முத்திரை உண்டு. அந்தக் கடைகளில் எதுவும் அழுததே இல்லை.

முத்திரை வாங்காமல் இருந்தது ஒரே ஒரு கடை. பேரீச்சை அக்காவின் கடை. ஏழு வருடமாகச் சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழ விழுது, முட்டைக்குப் பதில் ஊறவைத்த ஆளி விதை என்று உழைத்துக்கொண்டிருந்தவள் அவள். ஒவ்வொரு பொட்டலத்திலும் என்னென்ன போட்டேன் என்று தன் கையால் எழுதிச் சீட்டு ஒட்டுவாள். முத்திரை விற்க வந்த சீடரிடம், "எதுக்குங்க? அதான் சீட்டுல எழுதியிருக்கேனே" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மேடையில் அக்காவின் கேக்குக்கு மேல் வால்நட் வெறிபிடித்த மாதிரி ஆடியது. "பசு கதறுகிறது!" என்றார் குரு. அரங்கமே "ஐயோ!" என்றது. அதில் எல்லாரையும்விடச் சத்தமாக ஐயோ போட்டவர் முதல் வரிசையில் இருந்த அக்காவின் வீட்டுக்காரர்.

"என்னங்க, அந்த மாவைப் பிசைஞ்சதே நீங்கதானே? பசு எப்பங்க வந்துச்சு?" என்று வீட்டில் கேட்டாள் அக்கா.

"எனக்குத் தெரியாம நீ பாலை ஊத்தியிருக்கலாம்."

"எனக்குத் தெரியாம நீங்க ஊத்தியிருக்கலாமே?"

அவர் சற்று நேரம் யோசித்தார். "இருக்கலாம்" என்றார்.

அந்த வாரம் அக்காவின் ஓவன் பாதி நாள் சூடேறவே இல்லை. கடைக்கு எதிரே முத்திரை வாங்கிய பேக்கரியில் ஆள் நிற்க இடமில்லை. அங்கே போனவர்களில் தையல்காரியும் ஒருத்தி.

தையல்காரியின் மகளுக்குப் பால் ஆகாது. ஒரு துளி போனாலும் உடம்பு வீங்கிவிடும். அதனால் பிள்ளை பிறந்ததிலிருந்து அக்கா கடையைத் தவிர வேறு எங்கும் வாங்காதவள். ஆனால் பசுவே கதறும்போது என்ன செய்வாள்? எதிர்க்கடையில் முத்திரை குத்திய கப்கேக் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மகள் பாதிதான் தின்றாள். உதடு தடித்தது, கண் மூடிக்கொண்டது, மூச்சு சீட்டியடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சு சீராக மூன்று மணி நேரம் பிடித்தது.

"இதுல பால் இல்லைன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?" என்றார் டாக்டர்.

"வால்நட் சொல்லுச்சு டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் தையல்காரி பேரீச்சை அக்காவின் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரக் கால் எழவில்லை.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்று அக்காதான் முதலில் கேட்டாள்.

"நல்லா இருக்கா அக்கா. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுடுங்க."

"அதை விடு. உள்ளே வா. இப்ப என்ன பண்ணலாம்?"

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புதுத் துணி வந்தா ஒரு துண்டு வெட்டித் தண்ணியில போட்டுச் சாயம் போகுதான்னு பார்ப்பேன் அக்கா. கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் பார்ப்பேன். பாவாடைத் துணிக்குப் பார்க்கத் தெரிஞ்ச எனக்குப் பிள்ளை வாயில போடுறதுக்குத் தெரியலை பாருங்க. குருவையும் தண்ணியில போட்டுப் பார்த்துடுவோம்."

சனிக்கிழமை வந்தது. தையல்காரி எழுந்து நின்று கும்பிட்டாள். "ஐயா, வால்நட்டுக்குக் கண்ணு தேவையில்லை, அதிர்வே போதும்னு சொல்வீங்களே?"

"ஆமாம் தாயே. இரும்புப் பெட்டிக்குள் வைத்தாலும் அறியும்!"

"இரும்பெல்லாம் வேண்டாங்கய்யா. துணிதான் போட்டிருக்கேன்."

மூன்று தட்டுகளை மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் கருப்புத் துணி உறை. அவளே அளவெடுத்துத் தைத்தது, ஓட்டை கிடையாது. பக்கத்தில் பேரீச்சை அக்கா நிற்பதைக் குரு பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்துக்கொண்டார். "சொல்றதைச் சீடர் பலகையில எழுதட்டும் ஐயா, கடைசியில திறப்போம்" என்றாள் தையல்காரி. ஆகட்டும் என்று கையசைத்தார்.

முதல் தட்டு. அக்கா கண்ணெதிரே நிற்கிறாள். இது அவள் கேக்காகத்தானே இருக்கும்? வால்நட் தறிகெட்டு ஆடியது. "பால்! முட்டை! பாவம்!" சீடர் எழுதினார்.

இரண்டாவது தட்டு. எல்லாமே அழுதால் சலித்துவிடுமே. வால்நட் அழகாக வட்டமடித்தது. குரு கண்ணை மூடினார். "ஆஹா! இதுபோல் ஒரு தூய்மையை நான் கண்டதில்லை. எத்தனை எத்தனை அழுக்கைப் போக்கியிருக்கிறது இது! உள்ளே சென்றால் உங்களையும் கழுவிவிடும்!" அக்கா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரவசம் என்று கூட்டம் நினைத்தது.

மூன்றாவது தட்டு. வட்டம். "தூய்மை. ஓர் எறும்புகூட அழவில்லை."

தையல்காரி முதல் உறையையும் மூன்றாவது உறையையும் ஒன்றாக எடுத்தாள். இரண்டு தட்டிலும் பாதிப் பாதி கேக். சேர்த்து வைத்தாள். வெட்டிய இடம் பொருந்தியது. மேலே முழு வட்டமாகப் பச்சை முத்திரை.

"ஒரே கேக்குங்க. எதிர்க்கடையில காலையில வாங்கினது. இந்தப் பாதியில பசு அழுவுதாம், அந்தப் பாதியில சிரிக்குதாம்."

குரு சமாளிக்க வாயைத் திறப்பதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. இரண்டாவது உறையையும் அக்கா விலக்கியதும், உள்ளே கோகோ பூசி, பேரீச்சை விழுது வழிய ஒரு துண்டு தெரிந்தது. இதுவரை காணாத தூய்மை அல்லவா? முதல் வரிசையிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். மறுபடி மென்றார். தாடை இரண்டு பக்கமும் போய் வந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ ஆவலாகக் கேட்டார்கள்.

"நார்ச்சத்து கொஞ்சம் தூக்கல்" என்றார்.

பிறகு அவர் வாய் ஓரத்தில் வெள்ளையாக நுரை வந்தது.

"அருள்! அருள் வந்துடுச்சு!" என்று நாலு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

"துப்புங்க! ஐயோ, துப்புங்க! அது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்!" என்று அலறினாள் அக்கா. தொட்டியிலிருந்து அவசரமாக எடுத்து வந்தது. பிழிந்துதான் வந்தாள், சோப்பு முழுக்கப் போகவில்லை.

துப்பினார். ஒரு செம்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். ஒவ்வொரு கொப்பளிப்புக்கும் ஒரு குமிழி பறந்தது. விழுந்து கும்பிட்டவர்கள் ஏதோ கீழே தொலைத்துவிட்டுத் தேடியவர்கள் போல எழுந்தார்கள்.

"நம்பிக்கையற்றவர்கள் இருக்கும் இடத்தில் வால்நட் குழம்பிவிடும்!" என்று குரு குரலை உயர்த்தினார்.

"அப்படியா? அதையும் பார்த்துடலாம்." தையல்காரி நூலை அவர் விரலிலிருந்து கழற்றி மைக் ஸ்டாண்டில் கட்டினாள். முத்திரைக் கேக்கை அடியில் வைத்தாள். அசையவில்லை. ஸ்பாஞ்சை வைத்தாள். அசையவில்லை. முழுசாக ஒரு டம்ளர் பாலையே வைத்தாள். செத்துப்போன மணியாட்டம் தொங்கியது.

"கொட்டை ஆடலைங்க. இத்தனை நாளா ஆடினது ஐயாவோட விரல்."

அருளைப் பார்க்க வந்த கூட்டம் இப்போது ஆளைப் பார்க்க முண்டியடித்தது. சீடரைக் காணோம். குரு வாய்மேல் விரலை வைத்து, இன்று மௌன விரதம் என்று சைகை காட்டியபடி பின்வாசல் வழியாக நடந்தார். நடை பாதியிலேயே ஓட்டமாகிவிட்டது. தெருமுனையில் நாலு பேர் பிடித்து நிறுத்தி வைத்தார்கள். தையல்காரி ஆஸ்பத்திரிச் சீட்டோடு புகார் கொடுத்தாள். எதிர்க்கடைக்கு வந்த உணவு அதிகாரிகள் பால்பவுடர் மூட்டைகளை அள்ளிக்கொண்டு, கதவையும் பூட்டிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை பேரீச்சை அக்காவின் கடைமுன் பெரிய வரிசை. அவளுக்கு மனசு நிறைந்தது. முதல் ஆள் வந்தார். கையில் வீட்டில் செய்த ரொட்டி. பயபக்தியோடு நீட்டினார்.

"அக்கா, உங்களுக்குத்தான் உண்மையான சக்தி இருக்குன்னு ஊரே பேசுது. இதைக் கொஞ்சம் தொட்டுச் சொல்லுங்களேன். சாப்பிடலாமா?"

பின்னால் இருந்த அத்தனை பேர் கையிலும் டப்பா.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதை யாருங்க செஞ்சது?"

"என் சம்சாரம்."

"என்ன போட்டாங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்கக் கூச்சமா இருந்துச்சுக்கா."

கூச்சமாகத்தான் இருக்கும், ஐயா. முதலில் கேட்டுவிடுங்கள். கூச்சப்படுவதைச் சாப்பிட்ட பிறகு ஆற அமர வைத்துக்கொள்ளலாம்.