நாற்பது ஏக்கர் நிம்மதி

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஐம்பது தாண்டிய ஆம்பிளைக்கு ஆசை அதிகமில்லை. மான் சுட ஒரு காடு, மீன் பிடிக்க ஒரு குளம், மனைவி கூப்பிட்டால் காதில் விழாத தூரம். மூன்றும் ஒரே இடத்தில் விலைக்கு வந்தன. நாற்பது ஏக்கர், நடுவில் ஒரு மரக்குடில்.

ஆனால் பத்திரத்தில் என் மனைவி ஆர்டிஸும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது. நிறைய யோசித்தேன். கடைசியில் ஒரு வழி பிடித்தேன். நிலத்தைப் புகழ்வது, குடிலைப் பழிப்பது.

"ஆர்டிஸ், அருமையான இடம். விட்டா கிடைக்காது."

"தங்க வசதியா இருக்குமாங்க?"

"எங்க வசதி? கக்கூஸ் வெளியில. கொசு ஒவ்வொண்ணும் கோழி மாதிரி. போன வருஷம் ஒரு கரடி வந்து கதவைத் தட்டிச்சாம்."

"தட்டிட்டுத்தான் வந்துச்சா? மரியாதை தெரிஞ்ச கரடி."

"சிரிக்காத. குளிர்காலத்துல உறைஞ்ச குளத்து மேல நடக்கறப்ப பனி உடைஞ்சு உள்ள விழுந்தா தூக்கிவிட ஆளில்லை."

அவள் சிரிப்பு நின்றது. கண்ணை மூடி ஜெபித்தாள். ஜெபம் நீண்டுகொண்டே போனது.

"சரிங்க. போடறேன்."

"யோசிக்க வேண்டாமா?"

"ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன்."

அந்த 'சரி' எனக்குச் சரியாகப் படவில்லை. இவள் எதற்கும் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டவள் இல்லை. இலையுதிர் காலம் முழுக்கப் பக்கத்து வீட்டு லவெர்னோடு எங்கோ போய் வந்தாள். கேட்டால் புன்னகை.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய விடியற்காலை வண்டிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஆர்டிஸ். வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சுச் சட்டை, மடியில் உறை போட்ட துப்பாக்கி.

"நீ எங்க?"

"தூக்கிவிட ஆளில்லைன்னீங்களே. உங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்படிங்க நிம்மதியா ஜெபம் பண்றது?"

"துப்பாக்கி?"

"லவெர்ன் கத்துக்குடுத்தா. லைசென்ஸும் எடுத்தாச்சு."

'அதெல்லாம் சும்மா சொன்னது' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.

முதல் மான் என் பக்கம்தான் வந்தது. அடுத்த மரத்துப் பரணிலிருந்து அவள் பார்க்கிறாளே என்று அவசரமாகச் சுட்டேன். என் குண்டு ஒரு மரத்தைக் காயப்படுத்தியது. மான் அவள் பக்கம் ஓடியது. ஒரே வெடி.

"ஸ்தோத்திரம்" என்றாள் மெதுவாக.

குறி தவறியவன் சட்டையின் பின்முனையை வெட்டிக் குடில் சுவரில் ஆணியடித்து மாட்டுவது எங்கள் ஊர் வேட்டைக்காரர் வழக்கம். ஆர்டிஸ் தையல் கத்தரிக்கோலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"கொஞ்சம் திரும்புங்க."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் எதுக்கு?"

"அசையாதீங்க, கோணலாப் போயிடும்."

இப்போது அந்த நாற்பது ஏக்கரில் எனக்கென்று இருப்பது, சுவரில் தொங்கும் அரை முழத் துணி மட்டும்தான்.