எல்லோரும் எடுக்கும் பச்சை கிட்டார்

மூன்று நாளில் இருபத்தொன்பது பேர் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் இருபத்தாறு பேர் எடுத்தது ஒரே கிட்டாரை. நோட்டில் கோடு போட்டுப் போட்டு விற்பனையாளர் பென்சில் முனையை ஒடித்துவிட்டார். வாத்தியக் கடையின் சுவரில் முப்பது கிட்டார்கள் தொங்கின. ஆளுக்கு ஒன்றை எடுத்துத் தொலைத்திருக்கலாம். வந்தவர்களோ சொல்லி வைத்தது போல அந்த வெளிர் பச்சை கிட்டாரிடம்தான் நேராகப் போனார்கள்.

கணக்கெடுக்கச் சொன்னவர் முதலாளி. வாத்தியக் கடை நடத்துகிறவருக்கு வாத்தியம் தெரிய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே ராகம் தேங்கிப்போன சரக்கைப் பற்றிய புலம்பல்தான்.

"எதை அதிகமா எடுக்கறாங்க, ஏன் எடுக்கறாங்க, ரெண்டையும் எழுதிக் குடு. அதை மட்டும் வாங்கி நிரப்பிடலாம்" என்றார்.

அறிக்கை சரியாக இருந்தால் புதுக் கிளைக்கு விற்பனையாளர்தான் மேனேஜர். தப்பாக இருந்தால் கிடங்கில் டிரம்களுக்குத் தூசி தட்டும் வேலை. அந்த வேலையை முன்பு பார்த்தவர் தும்மித் தும்மியே ராஜினாமா செய்திருந்தார்.

போன வருடம்வரை வாஷிங் மெஷின் விற்றவர் நம் விற்பனையாளர். கிட்டாருக்கு ஆறு தந்தி என்பதையே எண்ணிப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டார். எனவே காரணத்தை வாசிப்பவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

"கழுத்து மெலிசு, உடம்பு லேசு, இந்த ஸ்விட்சைத் தள்ளினா அஞ்சு விதமாப் பேசும்" என்றான் காதில் வளையம் போட்ட ஒரு கல்லூரி மாணவன்.

வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணியும் அதையேதான் சொன்னார். பல் டாக்டரும் அதையே, அதே வரிசையில் சொன்னார். கனமான கிட்டாரை எடுத்த இரண்டு பேர் மட்டும், சத்தம் நல்ல தடிமன் என்று மெச்சிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டே திருப்பி மாட்டினார்கள். பலகையை அறுத்துத் தந்தி கட்டியது போல இருந்த இன்னொன்றை எடுத்த ஒருவர், இதில் கெட்டுப்போக எதுவுமே இல்லை என்று பாராட்டிவிட்டு வாங்காமல் போனார். மீதிப் பேருக்கெல்லாம் வயது வேறு, தொழில் வேறு, பதில் மட்டும் ஒன்று. உண்மை என்றால் இப்படித்தான் ஊரே ஒரே குரலில் சொல்லும் என்று விற்பனையாளருக்குப் புல்லரித்தது.

இருந்தாலும் ஒரு நிபுணரிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தார். நிபுணர் வீட்டிலேயே இருந்தான். மனைவியின் தம்பி. இரண்டு வருடமாக இவர்கள் ஹால் சோபாவில் படுத்தபடியே இசைத்துறையில் முன்னேறிக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு கிட்டார் கிடையாது. கிட்டாரைப் பற்றி அவனுக்குத் தெரியாததும் கிடையாது. அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். அவனைக் குறை சொன்ன நாட்களில் விற்பனையாளர் தன் தட்டைத் தானே கழுவ வேண்டியிருந்தது.

மச்சினன் அறிக்கையைப் படித்துவிட்டு சோபாவிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

"அருமையா எழுதியிருக்கீங்க மாமா. தந்தி அதிர்றதைப் பிடிக்கற காந்தக் கட்டை இதுல மூணு இருக்கு. அதனாலதான் குரலை மாத்திக்கிட்டே இருக்கலாம். பின்பக்கம் வளைவா இருக்கறதால வயித்துல உறுத்தாது. எங்க போனாலும் அதிகமா கையில எடுக்கறது இந்த மாதிரிதான்."

ஒரு தடவை கடைக்கு வந்து பார்த்துச் சொல்லேன் என்று விற்பனையாளர் கெஞ்சினார். அதற்கு மட்டும் அவன் மறுத்துவிட்டான். சொந்தக்காரனைக் கூட்டி வந்து அரட்டை அடிக்கிறார் என்று மாமாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதாம். அவன் நல்ல மனதை நினைத்து மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுத் தன் வீட்டுக்காரர் மேனேஜர் ஆகப்போவதையும் சொல்லிவிட்டாள்.

முதலாளி அதே பச்சையில் நாற்பது கிட்டார் வரவழைத்தார். மற்றவை எல்லாம் கிடங்குக்குப் போயின. எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை.

முதல் நாள் பதினாலு பேர் வந்தார்கள். புத்தம் புதிய நாற்பது கிட்டார்களைத் தாண்டிப் போய்ப் பழைய கிட்டாரின் முன்னால் வரிசையில் நின்றார்கள். இதுவும் அதேதாங்க என்று விற்பனையாளர் புதிது ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பரவால்ல, நான் காத்திருக்கேன்" என்றார் பல் டாக்டர், தன் கிளினிக்கில் யாரும் காட்டாத பொறுமையோடு.

பழசு கண்ணில் படுவதால்தானே இந்த வம்பு என்று விற்பனையாளர் அதைக் கிடங்கில் ஒளித்து வைத்தார். மறுநாள் வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், வாசலில் நின்று யாருக்கோ போன் செய்தார்கள், போய்விட்டார்கள். அதற்கு மறுநாள் ஈ காக்கை இல்லை. முன்பெல்லாம் வாங்காவிட்டாலும் வரவாவது செய்தார்கள் என்று முதலாளி புலம்பினார்.

வீட்டில் மச்சினன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மாமாவின் கஷ்டத்தை இவ்வளவு தூரம் மனதில் போட்டுக்கொள்ளும் பிள்ளை எங்கே கிடைப்பான் என்றாள் மனைவி.

"பழகின கிட்டாரை ஒளிச்சு வச்சா வாசிக்கறவன் மனசு விட்டுப்போயிடும் மாமா. அதைத் திரும்ப மாட்டுங்க. உக்கார நாற்காலி போடுங்க, ஃபேன் வைங்க, ஆம்ப்ளிஃபயரை எப்பவும் ஆன்லயே வைங்க. அரை மணி நேரமாவது நிம்மதியா வாசிச்சாத்தான் வாங்கலாமான்னு ஒரு எண்ணமே வரும்."

எல்லாம் செய்யப்பட்டது. கூட்டம் இரண்டு மடங்கானது. யார் முதலில் என்று தகராறு வந்ததால் நேர அட்டவணை ஒன்றும் ஒட்ட வேண்டியதாயிற்று; அதையும் மச்சினன்தான் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தான். காலை ஒன்பதிலிருந்து மாலைவரை கிட்டார் ஓயவில்லை. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசித்தார்கள், எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார்கள். நல்ல மெட்டு போலிருக்கிறது என்று விற்பனையாளர் தானும் அதை முணுமுணுக்கத் தொடங்கினார். ஒருநாள் தந்தி அறுந்தது. வங்கிப் பெண்மணி கொஞ்சமும் கூச்சப்படாமல், "இதைக் கொஞ்சம் மாத்தி வச்சிருங்க, நான் நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். விற்பனையாளர் கடைத் தந்தியை எடுத்து மாற்றி வைத்தார்.

நாற்பதில் ஒன்றுகூட விற்கவில்லை.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு பச்சை கிட்டாராவது விலைபோகவில்லை என்றால் திங்கட்கிழமை கிடங்கு என்று சொல்லிவிட்டார். விற்பனையாளருக்கு நிஜமாகவே பயம் வந்தது. தூசியைவிட, மேனேஜர் சார் எப்படி இருக்கீங்க என்று விசாரிக்கப்போகும் சொந்தக்காரர்களை நினைத்துத்தான் அவருக்கு அதிகம் உதறியது.

சனிக்கிழமை முதலாளியே கல்லாவுக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அட்டவணைப்படி வாசித்தார்கள், அட்டவணைப்படி எழுந்து போனார்கள். விற்பனையாளர் ஒவ்வொருவர் பின்னாலும் வாசல்வரை போய் வெறுங்கையோடு திரும்பினார்.

நாலு மணிக்குப் புதிதாக ஒரு அம்மாள் வந்தார். வாசிக்கிறவர் போலத் தெரியவில்லை. பையைத் திறந்து பணம் கொடுக்கக்கூடியவர் போலத் தெரிந்தது. சுவரில் வரிசையாகத் தொங்கிய பச்சை கிட்டார்களைப் பார்த்தார். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார், ஃபேனுக்கு நேராக நின்று பார்த்தார், அட்டவணையை ஒரு வரி விடாமல் படித்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

விற்பனையாளர் பாய்ந்து போனார். கழுத்து, உடம்பு, ஸ்விட்ச் என்று மூச்சு விடாமல் எடுத்துச் சொன்னார். தினமும் எத்தனை பேர் வந்து இதையே எடுக்கிறார்கள் என்பதற்கு நோட்டையே விரித்துக் காட்டினார். அம்மாள் எல்லாவற்றுக்கும் திருப்தியாகத் தலையாட்டினார். முதலாளி கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு, ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

எதை எடுத்துக் கட்டட்டும் என்று விற்பனையாளர் கேட்டார்.

"கட்டவெல்லாம் வேண்டாம் தம்பி, என் பொண்ணைக் கிட்டார் கிளாஸ்ல சேர்க்கலாமான்னு இடத்தைப் பார்த்துட்டுப் போக வந்தேன்" என்றார் அந்த அம்மாள். "பாடத்தைப் போன்லயே எடுத்துட்டுப் பயிற்சிக்கு எங்கயோ அனுப்பறாரேன்னு கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. பரவால்லயே, இவ்வளவு பெரிய பயிற்சிக்கூடத்தைச் சொந்தமா வச்சு, சொந்த அக்கா வீட்டுக்காரரான உங்களையே இதுக்கு மேனேஜராவும் போட்டிருக்காரே மாஸ்டர்."