புயலுக்குப் போட்ட முடிச்சு

"நைனா, என் சார்ஜர் எங்க?" என்று மகள் சுகாசினி கேட்டபோது, முனுசாமி அவசரகால மூட்டையின் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டுப் பெருமையாகக் கைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சார்ஜர் மூட்டைக்குள் இருந்தது. ரேஷன் கார்டு, ஆதார், டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை என்று புயல் நேரத்தில் தேவைப்படும் எல்லாமே அதற்குள்தான் இருந்தன. சுகாசினியின் போனில் நான்கு சதவீதம் மிச்சம். மதியம் புயல் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள்.

"அவுத்துக் குடு நைனா."

இங்கேதான் சிக்கல். முனுசாமிக்குத் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று நெய்து முடிந்ததும், பழைய நூல் ஒவ்வொன்றின் நுனியோடும் புது நூலின் நுனியை வைத்து, விரலில் சாம்பலைத் தொட்டு, ஒரு முறுக்கு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரம், ஐயாயிரம் நூல் இருக்கும். அவர் பிணைத்த நூல் நெய்யும்போது விட்டுப்போனதாகப் பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. முப்பது வருடமாகச் சேர்க்க மட்டுமே பழகிய விரல்கள். பிரிப்பது எப்படி என்று அவற்றுக்குத் தெரியாது. போதாததற்கு, மூட்டையைக் கட்டியிருந்தது வேலைக்குப் போன வீடுகளில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கித் திரித்த கயிற்றால்.

"அப்ப கத்தரிக்கோல் குடு."

"அதுவும் உள்ளதாம்மா இருக்குது. அவசரத்துக்கு வேணுமில்ல?"

இந்தப் புயலுக்காக முனுசாமி ஒரு வாரமாகக் காத்திருந்தார் என்று சொன்னால் யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேகவதி ஆற்றில் வெள்ளம் வந்து தெருவுக்குள் புகுந்தபோது, பகல் தூக்கத்திலிருந்து பதறி எழுந்தவர், பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு, தலையணையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடிவிட்டார். அதை அவர் மனைவி எல்லம்மாள் குழாயடியில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதாதா? அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஒருத்தராவது, "இன்னாண்ணா, தலையணை எடுத்துக்கினு வரல?" என்று விசாரிக்கிறார்கள்.

மனிதருக்கு அது முள்ளாகத் தைத்திருந்தது. இந்தப் புயலிலாவது, "நீ இருக்கறப்போ எனக்கு இன்னா பயம்" என்று எல்லம்மாள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

எல்லம்மாளோ கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். முகத்தில் பதற்றமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

மூட்டையை அரிவாள்மனையில் வைத்து அறுத்துவிடலாம் என்று முனுசாமி முடிவு செய்தார். ஆனால் காற்றில் பறக்கக்கூடிய கூரான பொருள்களைப் பத்திரப்படுத்தச் சொல்லி வாட்சப்பில் வந்திருந்ததால், அரிவாள்மனை, கத்தி, தேங்காய்த் துருவி மூன்றையும் சாக்கில் போட்டு, பாய் படுக்கையோடு சேர்த்துப் பரணில் கட்டியிருந்தார். ஏறுவதற்கு முக்காலி வேண்டும். முக்காலி வெள்ளத்தில் மிதந்து போகாமலிருக்கக் கட்டில் காலில் பிணைக்கப்பட்டிருந்தது.

ஆகவே அவர் குடிதண்ணீர் டிரம்மின் மூடிமேல் ஏறினார். ஒரு நிமிடம் அது தாங்கியது. அவர் பரணை எட்டிச் சாக்கை இழுத்த இழுப்பில் மூடி உள்வாங்கி, ஒரு கால் முட்டிவரை டிரம்முக்குள் போனது. மேலேயிருந்து பாயும் போர்வையும் சரிந்து அதே டிரம்முக்குள் விழுந்தன. சாக்கு மட்டும் அசையாமல் பரணிலேயே தொங்கியது.

"குடிக்கிற தண்ணியில காலு, படுக்கிற பாயில தண்ணி," என்றாள் எல்லம்மாள். "அடுத்தது இன்னாயா?"

அடுத்தது நெருப்பு. பட்டு நூலைப் பொசுக்கிவிட்டால் தீர்ந்தது கதை. தீப்பெட்டி மூட்டைக்குள் இருந்தது. அடுப்பில் பற்றவைக்கலாம் என்றால், சிலிண்டரைக் காலையிலேயே கழற்றி ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார். லைட்டரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பொறி வந்தது, நெருப்பு வரவில்லை. கடைசியில் உட்கார்ந்து முடிச்சைப் பல்லால் கடித்தார். கடைவாய்ப் பல் ஆடியதே தவிர முடிச்சு ஆடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது பாருங்கள், வாசற்கதவு சுவரில் போய் மோதித் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது. மழை வீட்டுக்குள்ளேயே பெய்தது. முனுசாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது அவருக்குத் தெரிந்த வேலை. மிச்சமிருந்த பட்டுக் கயிற்றை எடுத்து, கதவின் இரண்டு பலகைகளிலும் இருந்த வளையங்களைச் சேர்த்துப் பதினோரு முடிச்சுப் போட்டார். யானை வந்து முட்டினாலும் திறக்காது என்று மகளிடம் உத்தரவாதமும் கொடுத்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று போனது. வேகவதிக் கரையோரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் உடனே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டுமாம். கதவுக்குக் கீழே தண்ணீர் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

சுகாசினி கதவைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"எப்படி நைனா வெளிய போறது?"

முனுசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நகத்தால் கிள்ளினார், கரண்டிக் காம்பால் நெம்பினார். கரண்டிதான் வளைந்தது. போன தடவை இவர்களை விட்டுவிட்டு ஓடினார், இந்தத் தடவை மூன்று பேரையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

"எல்லம்மா, உங்கள உட்டுட்டு ஓடிடக் கூடாதுன்னுதான் இவ்ளோவும் கட்னேன்."

"தெரியும்யா," என்றாள் எல்லம்மாள். டிரம்மில் நனைந்த அவர் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து முந்தானையால் துடைத்துவிட்டாள். அவர் இன்னொரு வார்த்தைக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெரு நாஸியா. தையல் கடை வைத்திருப்பவள், இந்த வார்டில் புயல் காலத் தன்னார்வலரும் அவள்தான். உள்ளே நடந்ததைச் சுகாசினி கத்திச் சொன்னதும், துணி வெட்டும் பிளேடைக் கதவிடுக்கில் நுழைத்துப் பதினோரு முடிச்சையும் பொறுமையாக அறுத்தாள்.

கதவு திறந்தது. மழைக்கோட்டோடு நாஸியா நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டு. பின்னால் இரண்டு பேர், மூங்கில் கட்டிய நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தானாக நடந்து வர முடியாதவர்களைத் தூக்கிப் போவதற்கான நாற்காலி அது.

முனுசாமி சட்டென்று எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது.

"மொதல்ல பொம்பளைங்கள கூட்டிக்கினு போம்மா. நான் கடைசியா வரேன்," என்று சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் எல்லம்மாளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாஸியா நோட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அக்காவும் பொண்ணும் நடந்து வருவாங்கண்ணா, இந்த வூட்ல தூக்கிக்கினு போவ வேண்டியது உங்களத்தான், 'அவர மட்டும் மொதல்ல பத்திரமா சேத்துட்டா எனக்கு இன்னா பயம்'னு அக்கா போன வாரமே வந்து பேர் குடுத்துட்டுப் போனாங்க."