பல் டாக்டர் போட்ட ராக் ஆல்பம்

"டாக்டர், கடைவாய்ப் பல் காட்ட வந்தவர் கிளம்பிட்டார். வலியைக்கூடத் தாங்கிக்குவாராம், பாட்டைத் தாங்க முடியலையாம்."

அன்று காலைதான் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்த பெண் கதவைத் திறந்து இப்படிச் சொன்னாள். பல் டாக்டர் பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

கல்லூரி நாளிலிருந்து அவர் உயிரை விடும் ராக் குழு அது. அவர்களுடைய கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பம் நேற்றுதான் கைக்கு வந்தது. பல் துளைக்கும் மிஷின் சத்தத்தில் உள்ளே எதுவும் கேட்காது என்பதால் அவருக்கு ஹெட்போன். தான் மட்டும் கேட்டால் பாவம் என்று, வெளியே காத்திருப்பவர்களுக்காக நேற்று மாலையே சுவரில் புது ஸ்பீக்கர்.

"என்னதான் குறையாம்?"

"பாடறவருக்குச் சுருதியே சேரலையாம்."

"உலகமே எழுந்து நின்னு கைதட்டின குரல்மா அது! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? சத்தம் பத்தலைபோல. கூட்டி வைக்கிறேன்."

கூட்டினார். உற்சாகமும் கூடியது. முகமூடிக்குள்ளேயே சேர்ந்து பாடிக்கொண்டு ஒரு சொத்தைப் பல்லை அடைத்தார். நாற்காலியில் இருந்தவரிடம் கருத்துக் கேட்க வழியில்லை. வாய் என்னவோ ஆவென்று திறந்துதான் இருந்தது.

கதவு மறுபடி திறந்தது. டாக்டர் ஹெட்போனை ஒதுக்கினார். "ரெண்டு பேர் ஓடிட்டாங்க டாக்டர். மரத்துப்போற ஊசி போடாம யாருக்கோ பல்லைப் பிடுங்கறீங்கன்னு நினைச்சுட்டாங்க."

"அது எட்டாவது பாட்டோட உச்சம்!" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ஊர்ல பல் இருக்கிற அளவுக்கு ஒருத்தருக்கும் காது இல்லையா? சரி, மெதுவான பாட்டு போடறேன். காதலி பிரிஞ்சு போற பாட்டு. கல்லும் கரையும்."

கல் கரையவில்லை. ஒரு குழந்தைதான் கரைந்தது. "அந்த மாமாவுக்கும் பல் வலிக்குதா?" என்று கேட்டுக் கேட்டு அழுததில், தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரின் பல்லையும் இந்த வருடம் எந்த டாக்டரிடம் காட்டுவது என்று முடிவு செய்பவர் அவர்தான். எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர் அதற்காகவே வாசலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"டாக்டர், பாட்டை நிறுத்திடலாமா?" என்றாள் பெண், உள்ளே வந்து கெஞ்சாத குறையாக.

"நிறுத்தறதா? அவங்க படிச்சவங்கம்மா. அவங்களுக்காவது புரியும்." ஆல்பத்திலேயே நீளமான பாட்டைப் போட்டார். கையிலிருந்த வேலை முடியும்வரை அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

தலைமையாசிரியை கைப்பையோடு எழுந்து நின்றிருந்தார்.

"ஆல்பம் எப்படி மேடம்?"

"மனசுல பட்டதைச் சொல்லிடறேன் டாக்டர். அந்த ஆளுக்குப் பாதி வார்த்தை தெரியலை. தெரியாத இடத்துல எல்லாம் லாலாலான்னு சமாளிக்கிறார். இதைக் கேக்கவிட்டா எங்க பிள்ளைங்களுக்குப் பல்லோட காதும் போயிடும்."

"அந்தக் கிட்டார் மேடம்? நாலு நிமிஷம் தனியா வருமே, அந்தக் கிட்டார்?"

"கிட்டாரா?" அவர் டாக்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நேராகத் தெருவைத் தாண்டி, புதுப் பெயிண்ட் வாசலுக்குள் நுழைந்தார்.

டாக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றார். கோபம் தலைக்கேறியது. கூடத்து மூலையில், காலையிலிருந்து மீன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆளிடம் திரும்பினார்.

"அண்ணே, ஸ்டூல்ல ஏறி அந்த ஸ்பீக்கரைக் கழட்டி எறிங்க! ரசனை கெட்ட ஜனங்க, இவங்களுக்கு இனிமே பாட்டே கிடையாது!"

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தண்ணி இறைக்கிற மோட்டாருக்கு பிளக் வேணும்னு காலையிலயே ஸ்பீக்கரோட வயரைப் பிடுங்கிட்டேனே டாக்டர். இங்க கேட்டதெல்லாம் நீங்க உள்ள பாடினது மட்டும்தான்."